உப்பு போடாத கேப்பைக் கஞ்சி

எனக்குக் கல்யாணம் நடந்ததே தாமதம். குழந்தை பிறந்தது அதைவிடத் தாமதம். மகள் பிறந்தபோது என் மீசை பாதி வெளுத்திருந்தது. பிரசவத்துக்காகக் கண்டாச்சிபுரம் பக்கத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போன என் மனைவி, குழந்தையோடு அங்கேயே இருக்கிறாள். நான் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தைக்கிறேன். குடியிருப்பது மாடியில் ஓர் அறை. மேலே சிமெண்டு ஷீட். பகலில் உள்ளே நின்றால் எனக்கே மூச்சு முட்டும். வெயில் தணிந்து மழை விழட்டும், பிறகு குழந்தையைக் கொண்டுபோகலாம் என்று மாமியார் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த அறையில் குழந்தையைப் படுக்கவைக்க எனக்கும் மனம் வராது.

மண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. விடிந்ததும் கிளம்பி, விழுப்புரத்தில் பஸ் மாறி, அங்கே போய்ச் சேருவேன். என்னைப் பார்த்ததும் குழந்தை அழும். மதியத்துக்குமேல் அழுகை நிற்கும். சாயங்காலம் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுப்பாள். அப்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அடுத்த ஞாயிறு போனால் அவளுக்குப் பொத்தானும் மறந்திருக்கும், என் முகமும் மறந்திருக்கும். மறுபடி அழுகையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆறு மாதம் முடிந்ததும் மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, பாப்பாவுக்குத் திட உணவு ஆரம்பிக்கலாம்னு ஆஸ்பத்திரில நர்சம்மா சொல்லிட்டாங்க. உப்பும் வேணாம், சர்க்கரையும் வேணாமாம். கேப்பை மாவு நீங்கதான் எடுத்தாரணும். எங்க வூட்டுல அப்டித்தான். மாவு அப்பன் வூட்டுது, மடி தாய்மாமனுது. மொத வாய் என் தம்பி ஊட்டுவான். ரெண்டாவது வாய் நீங்க."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"லைன்ல கீறீங்களா?"

"கீறேன்."

"எடுத்தாறீங்களா?"

"ம்."

இரண்டாவது வாய் என்பது அவளுக்குப் போகிற போக்கில் சொன்ன பேச்சு. எனக்கு அன்று முழுதும் சாக்கு ஊசி நேராக ஓடவில்லை. என் கையிலிருந்து மகள் ஒரு வாய் வாங்கிவிட்டால் பிறகு என் முகத்தைப் பார்த்து அழமாட்டாள் என்று எப்படியோ ஒரு நினைப்பு வந்துவிட்டது. சோறு போட்ட கையைக் குழந்தை மறக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கேப்பையைப் பல தண்ணீரில் கழுவிக் கல் அரித்தேன். ஊறவைத்து வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். முளை வந்ததும் அறைக்குள்ளேயே பாயில் பரப்பினேன். ஷீட்டின் சூட்டில் ஒரே நாளில் காய்ந்துவிட்டது. குழந்தையை வரவிடாத சூடு இதற்காவது உதவட்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வாசனை வரும்வரை லேசாக வறுத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டதும் தூக்கோடு மாவு மில்லுக்குப் போனேன். எல்லாரும் பெண்கள். நான் ஓரமாக நின்றேன். என் முறை வந்தபோது, ஒரு டப்பா காய்ந்த மிளகாயோடு ஓர் அம்மா வேகமாக வந்தார்.

"ணா, நான் கொஞ்சம் முன்ன போட்டுக்கினு ஓடிடறேன். வூட்ல அடுப்புல உலை கீது. நீங்க இன்னா, கேப்பையா? பேரப்புள்ளைக்கா?"

தலையை ஆட்டிவிட்டேன். பேரப்பிள்ளை இல்லை, மகள் என்று சொன்னால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். மிளகாய்க்குத் தனி மெஷின் உண்டு. அன்று அது ரிப்பேர். ஒரே மெஷினில் மிளகாய் முதலில் போனால் பின்னால் வருவதில் காரம் ஒட்டும் என்பது எனக்கும் தெரியும். 'வேணாம்மா, சின்னக் குழந்தைக்கு' என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். தூக்கை மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டேன். அதற்குள் மில் முழுக்கத் தும்மல். மில்காரர் இரண்டு பிடி நொய்யைப் போட்டு ஓட்டிவிட்டு, "சுத்தமாயிடுச்சி, கொட்டுங்க" என்றார். கொட்டினேன்.

வீட்டுக்கு வந்து மாவைத் துணியில் சலித்தேன். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் முதல் ருசி குழந்தையுடையது. நான் தொட்டால் எச்சில் ஆகிவிடும். அப்படியே டப்பாவில் போட்டு மூடினேன்.

மறுநாள் பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மனைவி குளித்துவிட்டு வந்து, மாவைத் தண்ணீரில் கரைத்துக் கட்டியில்லாமல் காய்ச்சினாள். மைத்துனன் புது வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவன் மடியில் என் மகள். நெற்றியில் பெரிய பொட்டு. நான் பின்னால் சுவரோரம் நின்றேன். என்னைக் கண்டால் அழுவாள் என்று மனைவிதான் அங்கே நிற்கச் சொன்னாள்.

மைத்துனன் சூடு பார்க்க விரலால் கொஞ்சம் தொட்டுத் தன் உதட்டில் வைத்தான். பிறகு உதட்டை நக்கினான். கண்ணைச் சுருக்கினான்.

"மாமா... இது இன்னா மாமா? பாப்பாவுக்குக் கஞ்சியா, கருவாட்டுக் குழம்புக்கு மசாலாவா?"

"டேய், சும்மா கிட" என்றாள் மனைவி.

"நீ துன்னு பாரு!"

அவள் ருசி பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மாமியாரும் ஒரு விரல் எடுத்துப் பார்த்துவிட்டு, சிரிப்பை முந்தானைக்குள் அடக்கிக்கொண்டு கேட்டார்: "எந்த மில்லுல அரைச்சீங்க மாப்ள?"

"மொளகாய்க்குப் பின்னாடி அரைச்சிட்டாங்க."

"மாமா வாயத் தொறந்து சொல்லியிருந்தாதான் அதிசயம்" என்றான் மைத்துனன். "பரவால்ல வுடுங்க. பாப்பா இப்பவே கோவக்காரி. இதையும் துன்னா ஊரு தாங்காது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நேரம் போய்விடும் என்று மாமியார் உள்ளே ஓடி, குழைய வெந்த சோற்றை மசித்துக் கொண்டுவந்தார். அவர்கள் நிலத்து அரிசி. மைத்துனன் விரல் நுனியில் எடுத்துக் குழந்தையின் உதட்டில் வைத்தான். நாக்கு அதை வெளியே தள்ளியது. மறுபடி வைத்தான். இந்தமுறை நாக்கு உள்ளே போனது. என்னவென்று புரியாமல் மேலே பார்த்தாள். பிறகு வாயைச் சப்பினாள். அவள் தொண்டை அசைந்ததைச் சுவரோரத்திலிருந்து பார்த்தேன்.

"வாங்க, உங்க வாய்" என்றாள் மனைவி.

முன்னால் வந்து குனிந்து விரலை நீட்டினேன். குழந்தை விரலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். கீழுதடு பிதுங்கியது. தலையைத் திருப்பி மைத்துனன் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீரிட்டாள். என் விரலில் இருந்த பருக்கை தரையில் விழுந்தது.

"பசி இல்ல போலக்கீது" என்று நான்தான் சொன்னேன்.

அன்று கிளம்பும்போது மனைவி தெருமுனைவரை வந்தாள். டப்பாவை என் கையில் கொடுத்தாள். "வேற மாவு அரைச்சி வைங்க. இங்க எடுத்தார வேணாம். அங்க நம்ம வூட்ல இருக்கட்டும். மழை வந்ததும் வரோம் இல்ல? அங்க தாய்மாமனும் இல்ல, ஒருத்தரும் இல்ல. நீங்கதான் ஊட்டணும்."

அந்தக் கார மாவை மோர் விட்டுக் கூழாக்கி நானே குடித்துத் தீர்த்தேன். புதிதாகக் கேப்பை ஊறவைத்தேன். இந்தமுறை காலையில் கதவு திறக்கும் முன்பே மில் வாசலில் போய் நின்றேன். மெஷின் ஓடத் தொடங்கும்போது அதே மிளகாய்க்கார அம்மா வந்தார். மிளகாய் மெஷின் இன்னும் ரிப்பேர்தான்.

"ணா, ஒரே நிமிஷம், ஜல்தியா போட்டுக்கினு..."

"இல்லம்மா. இது எம் பொண்ணுக்கு. ஆறு மாசக் கொழந்த."

என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"பொண்ணுக்கா? அன்னிக்குப் பேரப்புள்ளைக்குன்னு தலைய ஆட்னீங்களே!"

"கேட்டீங்க, ஆட்டினேன்."

மில்காரர் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு நின்றார். மாவு வெதுவெதுப்பாகத் தூக்கில் விழுந்தது. இந்தமுறை ருசி பார்த்தேன். காரம் இல்லை.

மழைதான் வரவில்லை. முளைகட்டிய மாவு வெகுநாள் தாங்காது. வாசனை மாறுவதற்குள் நானே காய்ச்சிக் குடித்துவிட்டு வேறு அரைத்து வைக்கிறேன். உப்பு போடுவதில்லை. அவள் எதைச் சாப்பிடப்போகிறாள் என்று தெரிந்துகொள்ளலாமே என்று முதல் நாள் அப்படிக் குடித்தேன். பிறகு அதுவே பழகிவிட்டது. கேப்பைக்குள் ஒரு மெல்லிய இனிப்பு இருப்பது இத்தனை வயதுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நேற்று சாயங்காலம் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தபோது மனைவி வீடியோ காலில் வந்தாள். போனைச் செம்பில் சாய்த்து வைத்தேன். அந்தப் பக்கம் குழந்தை அவள் மடியில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்து அழுவாளோ என்று நான் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டேன். கஞ்சியை ஸ்பூனில் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். ஸ்பூன் போனுக்கு முன்னால் போயிருக்க வேண்டும்.

குழந்தை அதைப் பார்த்துவிட்டாள். கழுத்தை நீட்டினாள். வாயைப் பெரிதாகத் திறந்தாள். கீழே இரண்டு பல் முளைவிட்டிருந்தது.

நான் ஸ்பூனை அவள் வாய்க்கு நேராக அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க, கையில வச்சிக்கினே கீறீங்க? துன்னுங்க" என்றாள் மனைவி.

"அவ மொதல்ல வாய மூடட்டும்" என்றேன்.