எல்லாம் அவங்க அம்மா செய்தது

மாறுவேடப் போட்டிக்கு ஸ்பாஞ்சில் பிராணி உடை செய்து கொடுப்பது என் தொழில். நன்றாகச் செய்தால் என் பெயர் வெளியே வராது, சொதப்பினால் மட்டும் வரும்.

காரணம் பள்ளிக்கூடச் சுற்றறிக்கை. "உடை வீட்டிலேயே, பெற்றோர் கையால் செய்யப்பட்டிருக்க வேண்டும்" என்று வருடாவருடம் ஒரு வரி போட்டுவிடுகிறார்கள். அதனால் செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிற அம்மாக்கள், ஸ்கூட்டியை இரண்டு வீடு தள்ளி நிறுத்திவிட்டு, முகத்தில் சுற்றிய துப்பட்டாவை அவிழ்க்காமலேயே முன்னறைக்குள் நுழைகிறார்கள். எனக்குப் போர்டு கிடையாது. தோற்றுப்போன அம்மா, ஜெயித்த அம்மாவைத் துருவித் துருவிக் கேட்டுத்தான் அடுத்த வருடம் என் முகவரியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டிலிருந்தே கேக்கோ பிளவுஸ் எம்பிராய்டரியோ செய்து கொடுக்கும் சகோதரிகளே, உங்கள் கேக்கை, தானே செய்ததாகச் சொல்லி வேறொருவர் பரிமாறுவதை மூலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நாம் ஒரே ஜாதி. எனக்கு ஒரே ஆசைதான். ஒரு தடவை, நாலு பேர் நடுவில், யாராவது "இதை இவங்கதான் செஞ்சாங்க" என்று சொல்ல வேண்டும். நீயே சொல்லிக்கொள்ளலாமே என்பீர்கள். பால்காரரிடம் கால் லிட்டர் கூடுதலாகக் கேட்பதற்குக்கூட அம்மாவை அனுப்புகிற ஆள் நான்.

ஆமையைக் கெடுத்தது

நான் படித்தது விலங்கியல். அதனால் முதல் ஆர்டராக ஆமை வந்தபோது, ஓட்டில் எத்தனை தகடுகள் இருக்குமோ அத்தனையும் எண்ணி வெட்டி ஒட்டினேன். நடுவில் ஐந்து, பக்கத்துக்கு நான்கு. ஓரங்களைச் சூடு காட்டி வளைத்து, பழுப்பிலிருந்து பச்சைக்கு நிறம் மாறுகிற மாதிரி பெயிண்ட் அடித்து, நிஜ ஆமையே பார்த்தால் நகர்ந்து இடம் விடும் என்கிற அளவுக்குக் கொண்டுவந்தேன்.

வாங்க வந்த அம்மா அதை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். முகம் வாடிவிட்டது. அளவு தப்பிவிட்டதோ என்று நாடாவைத் தேடினேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இவ்ளோ நல்லா இருந்தா யாரும் நம்ப மாட்டாங்கம்மா. கொஞ்சம் நான் செஞ்ச மாதிரி கெடுத்துக் குடுங்க."

வால் போன அணில்

ஒட்டிய உடைகளை மொட்டைமாடியில் உலர்த்துவேன். மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குக் குரங்கைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் ஒரு பெரிய குரங்கு, வரிசையாக இருந்த முயல், கிளி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அணிலின் வாலை மட்டும் பிய்த்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிக்கொண்டது. பிஸ்கட் காட்டினேன், அழைத்தேன், கெஞ்சினேன். அது வாலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தது. என் வேலையை அவ்வளவு ஆசையாக யாரும் தொட்டதில்லை என்பதால் எனக்கு முழுக் கோபமும் வரவில்லை.

மறுநாள் காலை போட்டி. வாங்க வந்த அம்மாவிடம் வாலில்லாத அணிலை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் உடையைத் திருப்பிப் பார்த்தார். "பரவால்லங்க, எலின்னு பேர் குடுத்துடறேன். வாலுக்கு ஒரு கயிறு மட்டும் கட்டி விடுங்க" என்றார். முதுகில் மூன்று கோடு இருக்கிறதே என்றேன். "எலி எங்கனா பெயிண்ட் அடிச்ச கேட்டுல பூந்து வந்திருக்கும், உடுங்க."

ரெக்கார்ட் நோட்டு

இந்த வருடம் முகத்தில் துப்பட்டா சுற்றாமல், வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு ஒருத்தி வந்தாள். சுதா. கல்லூரியில் மூன்று வருடமும் என் பக்கத்து பெஞ்ச். அவள் வகுப்புக்குள் வந்தால் எல்லாத் தலையும் திரும்பும். நான் வந்தால் வருகைப் பதிவேட்டுக்கே சந்தேகம் வரும். அவளுடைய ரெக்கார்ட் நோட்டில் படங்களையெல்லாம் நான்தான் வரைந்து கொடுத்தேன். என் நோட்டுக்கு முன்னால் அவள் நோட்டு திருத்தப்பட்டது. "சுதாவைப் பார்த்துக் காப்பி அடிச்சியா?" என்று மேடம் என்னிடம் கேட்டார். சுதா அப்போது ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவளுக்கு யாழினி என்று யு.கே.ஜி. படிக்கிற மகள். அவளுக்கு நண்டு உடை வேண்டும் என்றாள் சுதா. நண்டு! அந்த ரெக்கார்ட் நோட்டில் நான் வரைந்ததிலேயே நல்ல படம் அது. பொறாமையில் வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் கை அளவு நாடாவை எடுத்துவிட்டது. சுதா என் தோளில் தட்டினாள். "நீ மாறவே இல்லடி. அப்பவும் இப்பிடித்தான், ஒண்ணும் பேசாம வரைஞ்சு குடுத்துடுவ."

எந்த விரல்?

இரண்டு கொடுக்கு, எட்டுக் கால். எல்லாக் கால்களையும் தூண்டில் நரம்பால் கோத்து, கொடுக்கு மாட்டிய கையோடு இணைத்தேன். யாழினி கையைத் தூக்கினால் பக்கத்துக்கு நான்கு கால்களும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும், இறக்கினால் மடங்கும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் பசைத் துப்பாக்கியில் மூன்று விரல்களைச் சுட்டுக்கொண்டேன். இந்த நண்டைக் கெடுக்கச் சொன்னால் கெடுக்க மாட்டேன் என்று முதல்முறையாக முடிவு செய்தேன்.

சுதா கெடுக்கச் சொல்லவில்லை. அவள் கெட்டிக்காரி. எப்படிச் செய்தேன் என்று படிப்படியாகக் கேட்டுப் போனில் குறித்துக்கொண்டாள். பிறகு மகளை நிறுத்தி ஒத்திகை பார்த்தாள். "யாருமா செஞ்சாங்க?" என்று இவள் கேட்க, "எங்க அம்மா!" என்று அது கத்த வேண்டும். பத்துத் தடவை. பதினோராவது தடவை நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது சுதா என் விரல்களில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு புது பிளாஸ்திரியை எடுத்தாள். அவள் விரல்களில் ஒரு கீறல்கூட இல்லை. "எந்த விரல்ல ஒட்டினா நம்பற மாதிரி இருக்கும்டி?"

மேடை

"சும்மா வா, பின்னால உக்காரு. ஏதாவது கழண்டா பாத்துக்கலாம்" என்று சுதா கூப்பிட்டதால் போட்டிக்குப் போனேன். கடைசி வரிசை, தூணுக்குப் பக்கம். மேடையில் பதினோரு பிராணிகள். அதில் ஐந்து என்னுடையவை. மீதியில் ஒரு தவளை என் கண்ணில் குத்தியது. மெத்தை ஸ்பாஞ்சைச் சாக்கு ஊசியால் தைத்திருந்தார்கள். சுவருக்கு அடிக்கிற பச்சை. ஒரு கண் நெற்றியில், இன்னொன்று காதுப் பக்கம். இப்படிக் கெடுக்க எனக்கு எத்தனை வருடப் பயிற்சி வேண்டும் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, அதை நிஜமாகவே ஒரு அம்மா செய்திருக்கிறார்.

நண்டு கையைத் தூக்கியது. எட்டுக் கால்களும் எழுந்தன. அரங்கமே 'ஓ' என்றது. சுதா மைக்கைப் பிடித்து, அதை எப்படிச் செய்தாள் என்று பிளாஸ்திரி விரலை ஆட்டி ஆட்டிப் பேசினாள். என் வார்த்தைகள்தான், ஆனால் என்னால் ஒருநாளும் அப்படிப் பேச முடியாது. அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது. அப்போது இடது பக்க நரம்பு கொக்கியிலிருந்து நழுவி, நான்கு கால்களும் தொங்கிப்போயின. யாழினியின் உதடு பிதுங்கியது. சுதா ஒரு காலைப் பிடித்து இழுத்தாள், இன்னொன்றைத் திருகினாள், பிறகு தூண் பக்கம் பார்த்தாள். நான் ஐந்து நொடி எழுந்திருக்கவில்லை. அந்த ஐந்து நொடியும் எனக்கு இனித்தது என்பதை உங்களிடம் மறைப்பானேன்.

குழந்தை விசும்பியதும் எழுந்து போனேன். அத்தனை கண்களும் முதுகில் ஊர்வது தெரிந்தது. மண்டிபோட்டு, நரம்பைக் கொக்கியில் மாட்டி, முடிச்சை இறுக்கினேன். எட்டுக் கால்களும் மறுபடி எழுந்தன. கைதட்டல். போட்டியை நடத்திய மிஸ், மைக்கை வாங்கிக்கொண்டு எங்கள் பக்கம் குனிந்தார். நான் வாயைத் திறந்தேன். இதோ, இப்போது சொல்லிவிடலாம். ஆனால் மைக் என்னிடம் வரவில்லை, யாழினியிடம் போனது. "பாப்பா, இவ்ளோ சீக்கிரம் இதை யாருமா சரி பண்ணாங்க?" என்று மிஸ் கேட்டார். பயிற்சி வீண்போகவில்லை, என் தோளைப் பிடித்தபடியே அது கத்தியது: "எங்க அம்மா!"

பஸ் ஸ்டாப்பில் தவளை

நண்டுக்கு முதல் பரிசு. போட்டோ எடுத்து முடித்ததும் யாழினி உடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஐஸ்கிரீம் தின்னப் போய்விட்டாள். எட்டுக் கால்களும் சுதாவின் ஸ்கூட்டியில், கால் வைக்கிற இடத்தில் மடங்கிக் கிடந்தன. நான் சொல்லாமல் நடந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் தவளை நின்றுகொண்டிருந்தது. பரிசு எதுவும் இல்லை. "கழட்டுடா, வேர்த்து ஊத்துது பாரு" என்றார் கூட இருந்த அம்மா. "மாட்டேன். வீட்டாண்ட போய் அப்பாகிட்ட காட்டணும்" என்றது தவளை. ஒரு கண் இப்போது தாடைக்கே வந்திருந்தது. அதைக் கையால் பிடித்துக்கொண்டு தத்தித் தத்திக் காட்டியது. நின்றவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். என் ஐந்து பிராணிகளில் ஒன்றுகூட இப்படி வீட்டுக்குப் போனதில்லை.

அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "அந்த நண்டு நீங்க செஞ்சதுதான?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இன்னாங்க இது, அவங்க காலைப் புடிச்சு இழுத்தாங்க. உங்க கை நேரா முடிச்சுக்குப் போச்சு. நானும் ஒரு வாரமா ஊசி புடிச்சவதான, தெரியாதா?" என்றார். சுற்றிலும் பத்துப் பேராவது இருந்தார்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்களேன் என்று கேட்கத் தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குள் கீழ்பென்னாத்தூர் பஸ் வந்து நின்றது. அவர் தவளையை முன்னால் ஏற்றிவிட்டு, படியிலிருந்து என் பக்கம் குனிந்து, அன்பாக, மிக மெதுவாகச் சொன்னார்: "பயப்படாதீங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஆக, என் கையால் பிறந்த ஐந்து பிராணிகளுக்கும் ஆளுக்கொரு அம்மா கிடைத்துவிட்டார், ஆனால் எனக்கு இன்னமும் வயிறு எரிவது பஸ் ஜன்னலில் ஒரு கண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு போன அந்தத் தவளையை நினைத்துத்தான்.