முன்பக்கக் கேமரா

“ஸ்பீக்கரைக் கேட்டுப் பாருங்க தங்கச்சி. இங்கன பாட்டைப் போட்டா விசுவநாதர் கோயில் கோபுரம் வரைக்கும் கேக்கும்லா” என்றான் விஜய்பாண்டி.

தென்காசிப் பழைய பஸ் நிலையத்தின் எதிர் வரிசையில் பழைய செல்போன்களை வாங்கி விற்கும் கடை அவனுடையது. அவன் சொன்னதை ஸ்ரீதேவி கைகளால் வடிவாம்பாளுக்குச் சொன்னாள். வடிவு தன் காதைத் தொட்டுக் காட்டி, கோபுரம் இருந்த திசையில் விரலை நீட்டி, உதட்டைப் பிதுக்கினாள்.

“என்ன சொல்லுதாங்க?”

“கோபுரத்துக்குக் கேட்டா கோபுரம் வாங்கிக்கிடட்டுமாம். அவளுக்குக் காது கேக்காது.”

விஜய்பாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனாலும் வியாபாரி. “அப்ப கேமராவைப் பாக்கச் சொல்லுங்க. ஐந்தருவியில விழுகுத தண்ணியைத் துளித்துளியா எண்ணிரலாம்.”

வடிவு போனைத் திருப்பினாள். திரையின் உச்சியில் மிளகளவு இருந்த இன்னொரு கேமராவை நகத்தால் தட்டினாள்.

“இதுதான் வேணுமாம்.”

“செல்பி எடுக்கவா?”

“பேசுததுக்கு.”

போனை ஒரு தண்ணீர் பாட்டிலில் சாய்த்து நிறுத்திவிட்டு வடிவு எதிரே நின்றாள். பேசுவதற்கு அவளுக்கு இரண்டு கையும் வேண்டும். போனைப் பிடிக்கக் கை மிஞ்சாது. முன்பக்கக் கேமராவில் தன்னைப் படம்பிடித்தபடி விறுவிறுவென்று எதையோ சொல்லிமுடித்து, படத்தை ஸ்ரீதேவியிடம் நீட்டி, “படி” என்றாள். மூன்று போன்களில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நான்காவதில் எல்லாம் தெளிவாக இருந்தது. ஸ்ரீதேவி படித்துவிட்டுச் சிரித்தாள். இந்தக் கடைக்காரன் சட்டையை எவன் தைத்தான், இடது தோள் ஏறிக் கிடக்கிறது என்று அதில் சொல்லியிருந்தாள்.

“என்ன சொன்னாங்க?” என்றான் அவன்.

“போன் நல்லா இருக்குதாம்.”

விலை ஐயாயிரத்து ஐநூறு. வடிவு கவர்கள் தொங்கிய பக்கம் திரும்பியபோது விஜய்பாண்டி கொஞ்சம் முன்னால் குனிந்தான். “தங்கச்சி, ஒண்ணு சொல்லுதேன். என் கடை லைட்டுல இது நல்லாத்தான் தெரியும். இருட்டிட்டுன்னா படம் கலங்கும். எட்டாயிரத்து ஐநூறுக்கு உள்ள ஒண்ணு கிடக்கு, அது எந்த இருட்டுலயும் தெளிவா இருக்கும். ஆனா ஊமைக்கு என்னத்துக்கு அவ்வளவு ரூவாய்க்குப் போனு? புருசன் மூஞ்சி தெரிஞ்சாப் போதும்லா. எடுக்கவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க.”

வடிவு திரும்பி வந்து அவன் வாயையும் ஸ்ரீதேவியின் முகத்தையும் பார்த்தாள். “என்ன சொல்கிறார்?”

ஸ்ரீதேவியின் காதில் ‘ஊமை’ என்ற அந்த ஒரு சொல்தான் நின்றது. அதை எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்ல அவளுக்கு அந்த நேரத்தில் வழி தெரியவில்லை. கைகள் தாமாகவே எழுந்தன.

“கவர் இலவசமாம்.”

பேச்சு அத்தோடு முடிந்தது; ஐயாயிரத்து ஐநூறு போனையே வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஆனி மாதத்தின் முதல் வாரம் அது.

இலஞ்சியில் அடுத்தடுத்த வீடுகள் அவர்களுடையவை. ஸ்ரீதேவியைவிட வடிவு ஏழு வயது மூத்தவள். கைக்குழந்தையிலிருந்து ஸ்ரீதேவி அவள் மடியில் வளர்ந்ததால், வாய்ப்பேச்சு வந்த வயதிலேயே கைப்பேச்சும் வந்துவிட்டது. வடிவு பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்தாள். பிறகு தையல். ஊரில் பாதிப் பெண்களுக்கு அவள்தான் ஜாக்கெட் தைத்தாள். அளவு ஜாக்கெட்டோடு வந்து நிற்பவர்களின் முதுகில் விரலால் கோடு இழுத்து, இவ்வளவு இறக்கம் போதுமா என்று புருவத்தால் கேட்பாள். அதிகம் இறக்கச் சொல்பவர்களைப் பார்த்துக் கண்ணடிப்பாள்.

இருபத்தொன்பது வயதில் கல்யாணம். மகாதேவன் அதே பள்ளியில் படித்தவன், காது கேளாதவன், சிவகிரிக்காரன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. தாலி கட்டிய கையோடு இருவரும் பேச ஆரம்பித்தார்கள். போட்டோக்காரர் எவ்வளவோ முயன்றும், இரண்டு பேர் கையும் அசையாமல் இருக்கிற ஒரு படம் கிடைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அவன் திருப்பூருக்குத் திரும்பினான். அங்கே நண்பர்களோடு ஒற்றை அறை. ஒரு வருடத்தில் வீடு பார்த்துக் கூட்டிப்போவதாகப் பேச்சு. அதுவரை அவர்களுக்குக் குடித்தனம் என்பது வீடியோ காலில்தான். பழைய போன் துணி துவைக்கும் கல்லிலிருந்து வாளிக்குள் விழுந்தபோது வடிவு அழுத அழுகையைப் பார்த்து, யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் ஸ்ரீதேவி ஓடினாள்.

எழுத்தில் அனுப்பிக்கொள்ளலாமே என்று பலரும் கேட்டார்கள். எழுத்துத் தமிழ் அவர்கள் இருவருக்கும் பள்ளியில் கற்ற வேற்று மொழி. ‘சாப்பாடு ஆச்சு. மழை. நீ?’ என்று எழுதுவார்கள். கோபித்துக்கொள்ளவும் கொஞ்சவும் கை வேண்டியிருந்தது.

மகாதேவனுக்கு வேலை முடிய ஏழு மணியாகும். அந்த வருடம் சாரல் பலமாகப் பிடித்திருந்தது. மேற்கே மலை முழுவதும் மேகத்துக்குள் போய், ஐந்து மணிக்கே வீட்டுக்குள் முகம் தெரியாது. ஓட்டு வீட்டில் ஒற்றை பல்பின் கீழ் வடிவு உட்கார்ந்து பேசினால், அவளுடைய பத்து விரலும் அவனுக்கு ஒரு வெள்ளைப் பூச்சாகத் தெரிந்தன. ‘நிறுத்து, திரும்பச் சொல்’ என்பதே அவர்களுக்குள் அதிகம் புழங்கும் பேச்சானது. பெரிய பல்பு வாங்கி மாட்டினாள். காற்றடித்து எங்காவது கிளை முறிந்தால் கரண்டே இல்லை.

பத்தாம் நாள் கடைக்குப் போனார்கள். விஜய்பாண்டி போனை வாங்கக்கூட இல்லை. “அன்னைக்கே உங்ககிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா தங்கச்சி? அந்த எட்டாயிரத்து ஐநூறு போனைப் பண்பொழிக்காரர் ஒருத்தர் கொண்டுபோயிட்டார்.”

அவன் விரல் ஸ்ரீதேவியைக் குற்றம்சாட்டியதை வடிவு பார்த்துவிட்டாள். பஸ் நிலையத்துக்கு நடக்கும் வழியில், ஒரு பழக்கடை நிழலில் நிறுத்தி, கேட்டாள். ஸ்ரீதேவி எல்லாவற்றையும் சொன்னாள், அந்தச் சொல்லையும் சேர்த்து.

வடிவு கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டாள். பிறகு, “நான் ஊமை என்று எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். எட்டாயிரத்து ஐநூறு போன் இருந்ததுதான் தெரியாது” என்றாள்.

ஏசியிருந்தால் ஸ்ரீதேவிக்குப் பொறுத்துக்கொள்ள எளிதாக இருந்திருக்கும். வடிவு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அப்படித் திரும்பிவிட்டால் யாரும் அவளோடு எதுவும் பேச முடியாது.

குற்றாலம் போகும் சாலையில், பஸ் நிறுத்தத்தின் முன்னால் ஒரு பெரிய மின்விளக்கு உண்டு. அதன் வெளிச்சத்தில் கை துலக்கமாகத் தெரிகிறது என்று வடிவு கண்டுபிடித்தாள். சாயங்காலமானால் குடையை எடுத்துக்கொண்டு அங்கே போய், போனை நிழற்குடைத் திண்டில் சாய்த்து வைத்து, நின்று பேசினாள். சீசன் நேரம். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வேனில் திரும்புகிறவர்கள் டீக்கு நிறுத்துவார்கள். “ஏலே, ஓசியில டான்ஸ் நடக்கு, வாங்கலே!” என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். அவள் பின்னால் வந்து நின்று கையை ஆட்டிக் காட்டுவார்கள். அவளுக்கு எதுவும் கேட்காது. திருப்பூரில் அவனுக்கு எல்லாம் தெரிந்தது.

அப்படி நின்ற வேன்களில் ஒன்று சிவகிரிக்குப் போவது. இரண்டாம் நாள் மாமியார் உலகம்மாள் ஸ்ரீதேவிக்குப் போன் செய்தாள்.

“ஏட்டி, அவ என்னத்துக்கு ரோட்டுல நின்னு ஆடுதா? குடும்பத்துப் பொம்பளைதான அவ?”

“அத்தை, மகாதேவன் அண்ணன்கிட்டதான் பேசுதா. வீட்டுக்குள்ள படம் தெரிய மாட்டேங்குது.”

“அவன் முந்தாநாள் கூப்பிடவே இல்லைங்கான். அன்னைக்கும் நின்னாளாம்லா? அது யாருகிட்ட?”

யாரிடமும் இல்லை. அன்று அவனுக்குக் கூடுதல் வேலை. கூப்பிடுவான் என்று வடிவு எட்டரை மணி வரை காத்து நின்றிருக்கிறாள். காத்திருந்ததற்கு யாரைச் சாட்சி சொல்லச் சொல்வது?

மகாதேவன் நல்லவன்தான். முதலில், பின்னால் நிற்கிறவன் யார் என்று கேட்டான். தெரியாது என்றாள். மறுநாளும் கேட்டான். அவள் விளக்கமாகச் சொல்லத் தொடங்கும்போது ஒரு பஸ்ஸின் முகப்பு விளக்கு பட்டு, திரை முழுக்க வெளுத்துப்போகும். பாதி பதிலைப் பார்த்துவிட்டு அவன் துண்டித்துவிடுவான். தினம் வந்த அழைப்பு வாரம் இரண்டாயிற்று. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அவ்வளவுதான். ஐப்பசியில் அதுவும் நின்றது.

தீபாவளித் தையலில் வந்ததோடு வளையலை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து வடிவு வேறு போன் வாங்கினாள். இந்த முறை கடையின் உள்ளறையில், விளக்கை அணைக்கச் சொல்லிச் சோதித்தாள். ஒவ்வொரு விரலும், நகக்கண்ணும் தெரிந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குள் உட்கார்ந்து கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. திரையில் தன் முகம் மட்டும் தெரிய, அது தானாக நிற்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருப்பதை ஸ்ரீதேவி கதவோரம் நின்று பார்த்தாள்.

தை மாதம், பேசி முடிக்க வேண்டும் என்று மகாதேவன் வீட்டார் சிவகிரிக்கு வரச்சொன்னார்கள். ஸ்ரீதேவி கூடப்போனாள். அன்று பொழுது சாயும் முன்பே, போனது போலவே இரண்டு பேராகத்தான் தென்காசி பஸ் ஏறினார்கள். அதன் பிறகு வடிவு சிவகிரிக்குப் போனதில்லை. இப்போதும் இலஞ்சியில்தான் ஜாக்கெட் தைக்கிறாள். வருகிறவர்களைப் பார்த்துக் கண்ணடிப்பதில்லை.

அன்று சிவகிரி வீட்டில் மகாதேவன் ஜன்னலோர நாற்காலியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். அவனைப் போன்றவர்களுக்கு அது வாயைத் தைத்துக்கொள்வது. உலகம்மாள் நடுவில் நின்று பேசினாள். பஸ் நிறுத்தத்தைப் பற்றி, வேன்காரர்களைப் பற்றி, வடிவின் உடம்பைப் பற்றி, ராத்திரிக்கு எவ்வளவு என்பது பற்றி. மகன் காதில் விழாது என்ற துணிச்சல் அவளுக்கு. ஸ்ரீதேவியின் கைகள் ஓரளவு வரை தொடர்ந்து வந்து, ஒரு வார்த்தையில் அந்தரத்தில் நின்றுவிட்டன. பேச்சு மேலே போய்க்கொண்டிருந்தது. கைகள் இறங்கி மடிக்கு வந்தன.

வடிவு அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, முன்பிருந்த இடத்தில் நிறுத்தினாள். பிறகு தன் கையை விடுவித்துக்கொண்டு சொன்னாள்:

“ஒன்றையும் விடாதே. எவ்வளவு கேவலமாக இருந்தாலும் அப்படியே சொல். இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், அவர் பார்க்கும்படி.”