அறுபதோடு நிறுத்திய பேட்டரி

எப்போதும் சார்ஜில் கிடக்கும் லேப்டாப் ஒருநாள் பேட்டரி உப்பி வெடிக்கும் என்று முடிதிருத்துபவரின் மச்சானிடம் யாரோ சொன்னார்களாம். அதைக் கேட்டுவந்த அன்றே மொழிபெயர்ப்பாளர் தன் லினக்ஸ் லேப்டாப்பில் அறுபது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாதபடி கட்டளை போட்டுவிட்டார். கரண்ட் இல்லாதபோது ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடவும் சொல்லிவைத்தார். மனைவியின் போனுக்கும் அதே அறுபதுதான். அலுவலகத்தில் அவருக்கு 'மின்வாரியம்' என்று பட்டப்பெயர்.

இன்று பத்து மணிக்குக் குடியிருப்பில் கரண்ட் போனது. வயரிங் வேலை. அறிவிப்பு ஒரு வாரமாக லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்தது. நடுவில் நின்றுவிடுமோ என்று பயந்து லிஃப்ட் பக்கமே போகாதவர் அவர்.

அவருடைய அக்கா போன மாதம் இங்கே வந்திருந்தபோது எடுத்த ஸ்கேன் படங்களை ஊரில் டாக்டர் காலையில்தான் கேட்டிருந்தார். பன்னிரண்டுக்குள் பார்த்தால் ஆபரேஷனா மாத்திரையா என்று சொல்வார். பிறகு டாக்டர் இரண்டு வாரம் விடுப்பு. தன் பழைய போனிலிருந்து லேப்டாப்புக்கு நெட் கொடுத்து, படங்களை அனுப்பப் போட்டுவிட்டு, எலக்ட்ரீஷியனைப் பார்க்கக் கீழே ஓடினார்.

"கரண்ட் எப்ப வரும்?"

"இந்த டார்ச்சைப் பிடிச்சா சீக்கிரம் வரும், சார்."

அரைமணி நேரம் பிடித்தார். வரவில்லை. மேலே வந்தால் திரை கறுப்பு.

"ஐயோ, நின்னுபோச்சே!"

"நீங்க சொன்னபடிதானேங்க தூங்கியிருக்கு?" என்றாள் மனைவி. "இந்த வீட்ல உங்க பேச்சைக் கேக்கிறது அது ஒண்ணுதான்."

மறுபடி முதலிலிருந்து. தூங்கும் கட்டளையை நீக்கினார். நம்பிக்கை வராமல் டச்பேடை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். வெளிச்சத்தைக் குறைத்தார், புளூடூத்தை அணைத்தார். பேட்டரி ஐந்துக்கு இறங்கினால் தானே அணைந்துவிடும். அதுவும் அவர் வைத்த வரம்புதான். இப்போது அதில் கைவைக்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

பதினொன்று ஐம்பத்திரண்டு. படங்கள் போனது தொண்ணூற்றொன்று சதவீதம், பேட்டரி ஏழு.

போன் அடித்தது. அக்கா.

"எடுங்க."

"இந்தப் பழைய போன்ல எடுத்தா நெட் அறுந்துடும். உன் போன்ல கூப்பிடேன்."

"உங்க அறுபதுல அது காலையிலேயே செத்துப்போச்சு. அவங்க டாக்டர் வாசல்ல தனியா உக்காந்திருக்காங்க."

டாக்டர் கிளம்பிவிட்டாரா? வலி கூடிவிட்டதா? தொண்ணூற்றிரண்டு. ஆறு. போன் மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. விழாமல் கையால் அணைத்துக்கொண்டார்; எடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.