கடைசிப் போட்டிக்குப் போன சனிக்கிழமை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பித்த ரீச்சர், நாடு முழுவதற்குமான பெண்கள் ஐஸ் ஹொக்கி லீக்கில் ரொறன்ரோ அணிக்காக விளையாடினார். வார நாட்களில் எங்களை வரிசையில் நிற்கச் சொல்லிக் கத்துவார். சனிக்கிழமைகளில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மொன்றியலுக்கும் ஒட்டாவாவுக்கும் எதிராகப் பனித்தரையில் சறுக்குவார். அதற்குச் சம்பளம் கிடையாது. விளையாடும் பெண்கள் தங்களைவிடப் பெரிய பைகளைத் தாங்களே தோளில் சுமந்துகொண்டு வந்து, ஆட்டம் முடிந்ததும் தாங்களே சுமந்துகொண்டு போவார்கள். பார்க்க வருபவர்களும் பெரும்பாலும் அவர்களைப் பெற்றவர்கள்தான். அதனால் ரீச்சர், கேட்கும் பிள்ளைகளுக்கெல்லாம் ரிக்கெற் தருவதாக வகுப்பில் அறிவித்தார். கேட்ட பிள்ளை நான் ஒருத்திதான்.

அம்மாவுக்குச் சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் வேலை. ஆகவே அப்பா அகப்பட்டார். வெள்ளி இரவு முழுக்க மார்க்கம் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு நின்றுவிட்டு, காலையில் வோபர்னில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்றுக்கு வந்து படுப்பார். மத்தியானம் எழும்பி, கண் சிவக்க என்னைக் காரில் ஏற்றுவார். முதல் போட்டியில், பந்துக்குப் பதிலாக அடிக்கிற அந்தக் கறுத்த வட்டு எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதற்கே அவருக்கு முழு ஆட்டமும் போதவில்லை. இரண்டாவது போட்டியில் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் யார் கோல் போட்டாலும் கைதட்டினார்.

"அப்பா, அது மற்ற ரீம்!"

"பாவம், அவையும் வேர்க்க வேர்க்கத்தானே விளையாடுகினம்."

எங்கள் கோல்காப்பாளரின் தாய் வழக்கமாக எங்களுக்கு முன்வரிசையில் இருப்பார். அப்பாவுக்குக் குளிரில் கால் நடுங்குவதைப் பார்த்துத் தன் கம்பளியின் பாதியை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். அப்பா பிளாஸ்கிலிருந்து தேநீரும் ஒரு மீன் ரோலும் கொடுத்தார். கிறிஸ்மஸ் வருவதற்குள் அந்த அம்மா ரோல்ஸ் எங்கே என்று கேட்கத் தொடங்கிவிட்டார். எனக்கு அப்பாவால் கொஞ்சம் வெட்கமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

தை மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு நிலைமை மாறியது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, குடும்பத்தோடு இலங்கையில், போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தார். அவரிடமிருந்து வந்துகொண்டிருந்த தொலைபேசி அழைப்புகள் நின்றுபோயின. தொலைக்காட்சி நாள் முழுவதும் ஓடியது. நான் அறைக்குள் வந்தால் சத்தத்தை மட்டும் குறைப்பார்கள். இரண்டு சனிக்கிழமைகள் போட்டிக்குப் பதிலாக டவுன்ரவுனில் பனிக்குள் பதாகை பிடித்துக்கொண்டு நின்றோம். சுற்றி நின்றவர்கள் போரை நிறுத்தச் சொல்லி அழுது கோஷம் போட்டார்கள். இப்போது அரங்கில் இரண்டாம் பகுதி தொடங்கியிருக்கும், ரீச்சர் எனக்காகப் பார்த்திருப்பார் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 

எங்கள் அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. பங்குனியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஆட்டம். நான் அப்பாவிடம் கேட்டேன்.

"இந்த ஒண்டுக்கு மட்டும் கட்டாயம் போவமா?"

அப்பா கலண்டரில் அந்தச் சனிக்கிழமையை வட்டமிட்டார். "ஓம். கட்டாயம் போவம்."

அந்தச் சனிக்கிழமை காலை அப்பா வேலையால் வந்ததும் சாப்பிடாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். களைப்பு என்று நினைத்தேன். பதினொரு மணிபோல வீட்டுத் தொலைபேசி அடித்தது. பாரிஸில் இருக்கும் மாமி, அப்பாவின் அக்கா. வழக்கமாக என் படிப்பையும் பல்லையும் விசாரிக்கிற மாமி அன்று ஒன்றும் விசாரிக்கவில்லை.

"அப்பா எங்க பிள்ளை? அவற்ற செல்போன் வேலை செய்யேல்ல."

"நித்திரை, மாமி."

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "எழும்பின உடன எனக்கு எடுக்கச் சொல்லு, என்ன? மறந்திடாதை ராசாத்தி."

சித்தப்பாவைப் பற்றி மாமி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு விளங்காமல் இல்லை. அந்த மாதங்களில் பெரியவர்கள் அப்படிப் பேசினால் என்ன நடந்திருக்கும் என்பது எங்கள் வகுப்பில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். தொலைபேசியை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றேன். சொன்னால் போட்டி இல்லை. சொல்லாவிட்டால் போட்டி முடிந்து, ஐந்து மணித்தியாலம் கழித்துச் சொல்லலாம். ஐந்து மணித்தியாலத்தில் என்ன மாறிவிடப்போகிறது? அந்த வயதில் எனக்கு இந்த நியாயம் மிகச் சரியாகப் பட்டது.

பன்னிரண்டரைக்கு அப்பா அறையைவிட்டு வந்தார். சவரம் செய்து, கல்யாண வீடுகளுக்குப் போடும் நீலச் சேர்ட்டைப் போட்டிருந்தார். இறுதிப் போட்டிக்கான மரியாதை என்று நினைத்தேன்.

"ஆரும் எடுத்தவையே?"

"இல்லை," என்றேன்.

அரங்கில் அன்றுதான் முதல்முறையாக இருக்கைகள் நிரம்பியிருந்தன. எங்கள் அணி முதலில் ஒரு கோல் போட்டது. மொன்றியல் இரண்டு போட்டது. கடைசி நிமிடங்களில் நாங்கள் ஒன்றைப் போட்டுச் சமப்படுத்தினோம். மேலதிக நேரம் வந்தது. அடுத்த கோலை யார் போடுகிறார்களோ அவர்களுக்கே கிண்ணம். நடுக்கோட்டில் வட்டு ரீச்சரின் தடியில் அகப்பட, அவர் எல்லோரையும் தாண்டித் தனியே முன்னேறினார். மூன்று பேர் பின்னால் துரத்தினார்கள்.

அப்பா எழும்பினார். அவர் அப்படிக் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஓடு! ஓடு பிள்ளை! திரும்பிப் பாராதை, ஓடு!"

முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, அவ ஓடேல்ல, ஸ்கேட் பண்ணுறா. இருங்கோ, ப்ளீஸ்." அவர் இருக்கவில்லை. குரல் உடையும்வரை தமிழிலேயே கத்தினார்.

ரீச்சர் அடித்த வட்டு கோல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது எகிறிய வேகத்தில் மொன்றியல் அதை எடுத்துக்கொண்டு போய் எங்கள் வலைக்குள் போட்டது. அவ்வளவுதான், பருவம் முடிந்துவிட்டது. ரீச்சர் பனியில் முழங்காலில் இருந்தார். நான் சத்தம் போட்டு அழுதேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அப்பாவும் முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கோல்காப்பாளரின் தாய், தன் மகள் தோற்ற துயரத்தையும் விட்டுவிட்டு, வந்து அப்பாவின் முதுகைத் தடவினார். அடுத்த வருடமும் வரும்தானே என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார். அப்பா தலையாட்டி அவருக்கு நன்றி சொன்னார். என் அப்பாவுக்கு ஹொக்கி இவ்வளவு பிடித்துவிட்டதே என்று அந்த அழுகைக்குள்ளும் எனக்கு ஒரு சந்தோஷம்.

காரில் ஏறியதும் பயம் பிடித்தது. வெக்ஸ்போர்ட் பகுதியைத் தாண்டும்போது சொன்னேன்.

"அப்பா, பாரிஸ் மாமி காலமை எடுத்தவா. உங்களை எடுக்கச் சொன்னவா. நான் மறந்துபோனன்."

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பரவாயில்லையம்மா. போய் எடுக்கிறன்." பிறகு, "மறதி எல்லாருக்கும் வாறதுதான்," என்றார்.

வீட்டுக்குப் போய் அறைக்குள் நின்று மாமியோடு பேசினார். பொழுதுபட அம்மா வந்ததும் இருவரும் என்னைக் கூப்பிட்டுச் சித்தப்பாவும் சித்தியும் செல்லடியில், எறிகணை விழுந்து இறந்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். வைகாசியில் போரும் முடிந்தது. எங்கள் வீட்டில் அதையும் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. ரீச்சர் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறிப்போனார்; நாங்களும் பிறகு போட்டிகளுக்குப் போகவில்லை.

அன்று ஐந்து மணித்தியாலம் அப்பாவை ஏமாற்றிவிட்டேன் என்ற எண்ணத்தோடுதான் வளர்ந்தேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒருநாள், மனம் தாங்காமல் அம்மாவிடம் அதைச் சொன்னேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு அண்டைக்கு விடியவே தெரியும். வேலையில நிக்கேக்க லண்டனில இருந்து சிநேகிதன் எடுத்துச் சொல்லிப்போட்டார். போனை நிப்பாட்டிப்போட்டு வந்து படுத்தவர். எனக்கே மட்ச் முடிஞ்சு வந்தாப் பிறகுதான் சொன்னவர்."

"ஏன் அம்மா?"

"பிள்ளைக்குச் சொன்ன சொல்லைக் காப்பாத்தவாம்."

எங்கள் அப்பார்ட்மென்றில் சுவர்கள் மெல்லியவை. அந்தத் தொலைபேசி மணியும் மாமிக்கு நான் தாழ்ந்த குரலில் சொன்ன பதிலும் அவருக்குக் கேட்டிருக்கும். ஆரும் எடுத்தவையே என்று அவர் கேட்டபோது, நான் இல்லை என்று சொல்லவேண்டும் என்றுதான் விரும்பினாரோ என்னவோ. அதை ஒரு பத்து வயதுப் பிள்ளையால் எப்படி அறிந்திருக்க முடியும்? அவர் என்னிடம் இதுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.