கட்டி முடித்த கடன்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. வங்கி மேலாளருக்கு எதிரே நானும் கணவரும் மகளும் உட்கார்ந்திருந்தோம். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அந்தப் பெண் கணினித் திரையை ஒருமுறை பார்த்தார், மறுபடியும் பார்த்தார், பிறகு பேனாவை மூடி வைத்தார். சுவர்க் கடிகாரம் அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. அதனால்தான் நேரம் இப்படி மனதில் பதிந்துவிட்டது.

மகளுக்குப் புதுச்சேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்திருந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்குள் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது கடன் தருகிறோம் என்ற வங்கிக் கடிதத்தையாவது காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் பட்டியலில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். கல்விக் கடனுக்குப் பிள்ளையோடு சேர்ந்து வருமானம் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். என் கணவர் அதற்காகவே இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

"சார், உங்க பேருல முன்னாடி ஒரு வண்டிக் கடன் இருந்துதா?" என்று மேலாளர் கேட்டார்.

"இருந்துது மேடம். அது கட்டி முடிச்சாச்சு. ஒரு பைசா பாக்கி இல்ல."

"பாக்கி இல்லைன்னு எனக்கும் தெரியுது சார். ஆனா முழுசா கட்டல. பேசிக் கொறச்சிக் கட்டியிருக்கீங்க. அது உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல நிக்குது."

"கொறச்சிக்கிட்டது அவங்கதானே மேடம்? அவங்களா விட்டுக்குடுத்தாங்க. அதுக்கு எம்மேல எதுக்குக் கற வைக்கிறீங்க?"

மேலாளருக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்று தெரிந்தது. எனக்கும் வேறு நேரமாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும்.

என் கணவர் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்ல வேண்டும். தொழிற்பேட்டையில் சின்னதாகப் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறார். சொந்தச் சூளை கிடையாது. நாலைந்து பேரோடு சேர்ந்து வாடகைச் சூளையில் சுட்டு எடுப்பார். சூளை திறந்ததும் நல்லது ஒரு பக்கம், மெல்லிய விரிசல் விழுந்தது, மேல்பூச்சில் கொப்புளம் வந்தது எல்லாம் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைப்பார்கள். அந்த இரண்டாம் பக்கத்துக்கு 'செகண்ட்ஸ்' என்று பெயர். பாதி விலைக்குப் போகும். விற்றுவிட்டால் அதோடு சரி, விரிசலைப் பற்றி யாரும் அப்புறம் பேச மாட்டார்கள். இந்த ஊரில் சூளையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இது மூச்சு விடுவது மாதிரி. குறை இருந்தால் விலையைக் குறை, கைமாற்று, மற. என் கணவர் அதில் கெட்டிக்காரர். துதிக்கையில் விரிசல் விட்ட யானையை, "இது ஆடுற யானைங்க, அதான் அந்தக் கோடு" என்று சொல்லி விற்றவர்.

பொம்மை ஏற்றிப் போக ஒரு சின்ன லோடு வண்டியைக் கடனில் வாங்கியிருந்தார். கொரோனாவில் எல்லாம் நின்று போனது. தவணையும் நின்றது. வண்டியைக் கடன் கொடுத்தவர்களே எடுத்துப் போய் விற்றார்கள். விற்ற பிறகும் மீதி இருந்தது. அதை வசூலிக்க ஓர் இளைஞர் மாதாமாதம் வந்துகொண்டிருந்தார். அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே நான் அடுப்படியில் போய் நின்றுகொள்வேன். கணவரோ அவரை உட்காரவைத்து மோர் கொடுப்பார்.

ஒருநாள் அந்த இளைஞர், "மொத்தமா கட்டினீங்கன்னா மேல பேசிக் கொறச்சித் தரேன் சார்" என்றார். கேட்க வேண்டுமா? இவருக்குத் தெரிந்த மொழியில் அல்லவா பேசினார்! மத்தியானம் முழுக்கப் பேரம் நடந்தது. கடைசியில் மீதியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால் போதும் என்று முடிந்தது. போகும்போது அந்த இளைஞரின் கையில் காதோரம் விரிசல் விட்ட ஒரு பிள்ளையார் இருந்தது. அதையும் விலைக்குத்தான் கொடுத்திருந்தார்.

அன்றைக்கு நான் கேசரி கிண்டினேன். மகள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். வீட்டில் வெகுநாளைக்கப்புறம் எல்லோரும் சத்தமாகப் பேசிய நாள் அது.

"எத்தனை நாளைக்கு மேடம் இது நிக்கும்?" என்று வங்கியில் நான்தான் கேட்டேன்.

"ஏழு வருஷம் வரைக்கும் இருக்கும்மா."

"கட்டின பிறகுமா?"

"கட்டின பிறகுந்தான். முழுசா கட்டியிருந்தா கணக்கு முடிஞ்சுதுன்னு வந்திருக்கும். லேட்டான மாசங்க மட்டும் கொஞ்ச காலம் தெரியும், அத நாங்க பெருசா எடுத்துக்க மாட்டோம். இது வேற. பாதியில விட்டவருன்னு காட்டுது."

"இப்ப மீதியப் போயிக் கட்டிட்டா?"

"கட்டலாம். நல்லதுந்தான். அவங்ககிட்ட கடிதம் வாங்கி, அது ரிப்போர்ட்ல மாறுறதுக்கு ஒரு மாசமோ, மேலயோ ஆவும். உங்களுக்குத்தான் நாள் இல்லையே."

அம்மா கையெழுத்துப் போடட்டுமே என்றார் மேலாளர். நான் எம்.ஏ. படித்தவள்தான். வீட்டில் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன், பணம் கையில் வருகிறது, கையிலிருந்தே போகிறது. காட்டுவதற்கு என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. "அப்ப நெருங்கின சொந்தத்துல, மாசச் சம்பளம் வர்றவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி எழுந்துகொண்டார்.

பாலக்கரை முக்கு வரைக்கும் மூவரும் நடந்தோம். ஏழு வருடம் என்றால் இவள் படித்து முடித்து, வேலைக்குப் போய், ஒருவேளை கல்யாணமும் ஆகியிருக்கும். அதுவரைக்கும் அவள் அப்பா ஒரு திரையில் பாதியில் விட்டவராகவே இருப்பார். மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்பா, அதுக்குள்ள நானே சம்பாதிக்க ஆரம்பிச்சிடுவேன். அப்ப உனக்கு லோன் வேணும்னா நான் கையெழுத்துப் போடுறேன், சரியா?"

"நீ படிச்சாத்தான போடுவ" என்றார் அவர். குரல் உடைந்துவிட்டது. அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

மாதச் சம்பளம் வரும் சொந்தம் எங்களுக்கு ஒருவர்தான். என் நாத்தனார், இவருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கிறார், கிராமச் சுகாதாரச் செவிலியர். கேட்டால் போடுவார். ஆனால் கேட்கும் இடத்தில் இவர் இல்லை. வசூல்காரர் வந்துபோன காலத்தில் அண்ணி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்து, "அடகு வெச்சி முழுசா கட்டித் தொலைடா" என்று சொன்னார். இவர் வாங்கவில்லை. பேரம் முடித்த பிறகு ஒரு வருடம், பார்க்கும்போதெல்லாம் அவரிடம் பெருமையடித்தார். "உன் சங்கிலியும் பொழச்சிது, என் பணமும் பொழச்சிது. படிச்சவங்களுக்கு இதெல்லாம் வராதுக்கா." பொங்கலன்று எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லப்போய், அண்ணி சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிட்டார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு குறைவு.

"நான் பேசட்டுமாங்க?" என்றேன்.

"அக்காகிட்ட வாயத் தொறந்த, அப்புறம் நான் இந்த வூட்டுல இருக்க மாட்டேன்."

புதனும் வியாழனும் பட்டறைக்குப் போகவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். என்னால் அவரைத் திட்டவும் முடியவில்லை. அந்தப் பேரத்தை அவர் எங்களுக்காகத்தான் பேசினார். மிச்சமான பணத்தில்தான் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் போனது. அது எனக்குத் தெரியும். ஆனால் மகள் கல்லூரிக்கென்று எடுத்து வைத்த துணிகளை மடித்துப் பீரோவுக்குள் திரும்ப வைப்பதையும் நான் பார்க்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் போனேன். குழாயடியில் அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அக்கா... அங்க மழை உண்டா? ... மாடு கண்ணு போட்டுதா? ... ம்... ஒண்ணும் இல்ல, சும்மாதான்... அக்கா, நீ அன்னிக்கி சொன்ன மாதிரியே முழுசா கட்டியிருக்கணும்க்கா. நான்தான் பெரிய இவனாட்டம் பேசிட்டேன். இப்ப புள்ள படிப்புல வந்து நிக்குது."

வங்கியில் நடந்ததைச் சொல்லி முடித்தார். அப்புறம் சும்மா போனைக் காதில் வைத்தபடியே நின்றார். திரும்பி என்னைப் பார்த்ததும், "வெச்சிட்டாங்க" என்றார். "ஒண்ணுமே சொல்லல."

அதற்குப் பின் அண்ணி போனை எடுக்கவே இல்லை. சனிக்கிழமை நானே மறைவாக அடித்துப் பார்த்தேன். மணி அடித்து அடித்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை மகள், "அத்தைக்கு நம்ம மேல கோவம் போவலம்மா, விடு. நான் இங்கயே டிகிரி சேர்ந்துக்கிறேன்" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். இப்போதும் வங்கியிலிருந்து போனில் எந்தச் செய்தி வந்தாலும், பிரித்துப் படிக்க இன்னொருவரைக் கூப்பிடுகிறேன்.

திங்கட்கிழமை வங்கி திறந்து கொஞ்ச நேரம் இருக்கும். வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. அண்ணி, பணிக்குப் போகும் அதே சேலையில், ஒரு பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்தபடி இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் கணவர் எழுந்து நின்றார்.

"வாங்கண்ணி, டீ..." என்றேன்.

"டீயும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ அழுது வடிஞ்ச மூஞ்சியக் கழுவு மொதல்ல" என்றார் என்னிடம். பிறகு தம்பியைப் பார்த்து, "நீ போன்ல பேசப் பேச நானும் அழுதுருவேன்னு தோணுச்சு, அதான் வெச்சிட்டேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் முகாம் வேலை, போன எடுக்க நேரமில்ல. இன்னிக்கிக் காலைல மொத வேலையா அதிகாரி வூட்டுக்கே போயி நின்னு சம்பளச் சான்றிதழ் வாங்கிட்டு வரேன்" என்றார்.

மகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி அவள் தலையைத் தடவிக்கொண்டே இன்னும் தம்பியையே பார்த்திருந்தார்.

"என்னா பாக்குற? கெளம்பு, பேங்குக்கு நீயும்தான் வரணும். ஆனா ஒண்ணு. அந்த மேடம் என்னா வட்டி சொன்னாலும் சரின்னு சொல்லிட்டு உக்காந்துரு. வாயத் தொறந்து கொறைக்கச் சொன்ன, அங்கயே அறைவேன்."