சுழியோடிக்குக் காற்றுக் கொடுத்த சண்டை

1. மல்லாந்து மிதந்தவர்

திருகோணமலைத் துறைமுகத்தில் நான் கண்ட முதல் அரசியல் விபத்தில் அகப்பட்டவர் அரசியலே பேசாத மனிதர். ஹனீபா காக்கா. கிண்ணியாக்காரர், எங்கள் பகுதியின் சுழியோடி.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. கப்பல்களைப் பிணைக்கும் மிதவைகளின் சங்கிலியைப் பார்ப்பதும், கப்பலைத் தள்ளும் காத்தாடியில் சுற்றிய கயிற்றை வெட்டி எடுப்பதும் எங்கள் வேலை. ஒரு வள்ளத்தில் நாலு பேர். காக்கா ரப்பர் உடுப்பும் செம்புத் தொப்பியும் ஈயச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கடலடிக்கு இறங்குவார். நான் லைன்மேன். அவருடைய கயிறும் காற்றுக் குழாயும் என் கையில் இருக்கும். டெலிபோன் கிலிபோன் ஒன்றும் கிடையாது. குழாயில் ஒரு இழுப்பு வந்தால் காற்றைக் குறை, இரண்டு வந்தால் கூட்டு. கயிற்றில் ஒன்று வந்தால் நிறுத்து, நாலு வந்தால் தூக்கு. அவ்வளவுதான் எங்களுக்குள் பாஷை.

நடுவில் காற்றுப் பம்ப். மரப்பெட்டி, இரண்டு பக்கமும் இரும்புச் சில்லு, ஒவ்வொன்றிலும் ஒரு கைபிடி. ஒரு பக்கம் பியதாச, எதிர்ப்பக்கம் செல்லையா. பியதாச வீட்டில் சிங்களம் பேசுவார், ஆனால் டவுணில் பிறந்து வளர்ந்தவர், தமிழில் என்னைவிட நன்றாக ஏசுவார். செல்லையா உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வருவார். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை வாசித்துவிட்டுத்தான் வருவார். இரண்டு பேரும் நாள் முழுக்க முகத்துக்கு நேரே முகம் பார்த்துச் சுற்ற வேண்டும். சிங்களம் மட்டும் என்று மொழிச் சட்டம் வந்து, வாகன நம்பர் தகட்டில் சிங்கள எழுத்தா தமிழ் எழுத்தா என்று நாடே அடிபட்ட காலத்தில் இப்படி ஒரு மெஷின்.

“தகட்டில எங்கட எழுத்து இருந்தா உனக்கென்ன மச்சான் நட்டம்?” என்றார் பியதாச.

“எங்கட எழுத்து இருந்தா உனக்கென்ன நட்டம்?” என்றார் செல்லையா.

“உன்னட்ட இருக்கிறது சைக்கிள். அதுக்கு ஒரு எழுத்தும் வேண்டாம்.”

“நாளைக்குக் கார் வாங்குவன்.”

“வாங்கு. ஸ்டார்ட் ஆகாட்டி நான்தான் தள்ளவேணும்.”

ஒவ்வொரு பேச்சுக்கும் சில்லு வேகம் எடுத்தது. குழாயில் ஒரு இழுப்பு. “மெதுவா” என்றேன். திரும்ப ஒன்று. கத்தினேன். யார் கேட்டது? கீழே காக்காவின் உடுப்புக்குள் காற்று நிரம்பிவிட்டது. கை இரண்டும் விறைத்துப்போய், தொப்பியில் இருந்த வால்வைத் திறக்க அவருக்கு எட்டவில்லை. தண்ணீர் கொதித்தது மாதிரி ஒரு குமிழி. பிறகு காக்கா, கையும் காலும் நாலு திசைக்கும் நீட்டியபடி, பேத்தை மீன்போல ஊதி மல்லாந்து வந்தார். அப்போதும் இவர்கள் சுற்றுகிறார்கள்.

செல்லையாவின் முதுகில் ஒன்று போட்டுத்தான் நிறுத்தினேன். காக்காவை இழுத்தெடுத்து முகக் கண்ணாடியைக் கழற்றினோம். சிவந்த கண்ணை உருட்டி எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

“சண்டையில ஆர் வெண்டது?” என்று கேட்டார்.

2. சீனி இல்லாத பிளேன்ரீ

கதை இஞ்சினியரிடம் போய்விட்டது. அவர் எங்களை நிற்பாட்டி வைத்துச் சொன்னார்: “இன்னொருக்கா இப்படி நடந்தா, பம்பில ஒரே கொள்கைக்காரர் ரெண்டு பேரைப் போடுவன். ஒருத்தர் கொழும்புக்கு மாற்றலாகிப் போகவேண்டி வரும்.”

கொழும்புக்கு என்றால் அந்த ஒருத்தர் சிங்களவரான பியதாச என்று எல்லாருக்கும் தெரியும். அவருக்குக் கொழும்பில் ஒரு நாயைக்கூடத் தெரியாது.

நான் அப்போது இளந்தாரி, புத்தி முற்றிவிட்டது என்று நினைப்பு. வள்ளத்தில் அரசியல் கதைக்கக்கூடாது, கதைத்தவருக்கு அன்றைக்குப் பால் இல்லாத பிளேன்ரீக்குச் சீனியும் இல்லை என்று சட்டம் போட்டேன். முதல் கிழமை செல்லையா ஐந்து நாளும் வெறும் சாயம் குடித்தார். பிறகு இரண்டு பேரும் மீனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். “முழுக்கடலும் தன்ர எண்டு ஒரு மீன் சொல்லுது” என்பார் ஒருவர். “சின்ன மீனுக்குத்தான் வாய் பெருசு” என்பார் மற்றவர். நான் மீனையும் தடைசெய்தேன். வானிலையைத் தடைசெய்ய யோசித்துக்கொண்டிருந்தபோது உண்மையான புயல் வந்தது.

3. ஊசி விழுந்த நாள்

வேறு ஊர்களில் சிங்களவர், தமிழர் கலவரம் என்று செய்தி. டவுணில் கடைகள் பொழுது சாயுமுன்னே பூட்டின. செல்லையாவின் அக்கா குடும்பம் தெற்கே இருந்தது, அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பியதாசவின் வீட்டுக் கதவில் யாரோ கல்லெறிந்திருந்தார்கள். இரண்டு பேரும் வேலைக்கு வந்தார்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் சட்டத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. சொல்ல வெட்கம்தான், முதல் நாள் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள், ஆறு பாகம், முப்பத்தாறு அடி ஆழத் தண்ணீரில், காக்கா மிதவைச் சங்கிலியை அலவாங்கு போட்டு நெம்பிக்கொண்டிருந்தார். சட்டென்று கயிற்றில் நாலு இழுப்பு. தூக்கினேன், வரவில்லை. உடனே ஒரு இழுப்பு: நிறுத்து. சங்கிலி சரிந்து அவருடைய சப்பாத்து அதற்குள் மாட்டிவிட்டது என்று விளங்கியது. இனி அவராகத்தான் நெம்பி எடுக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், காற்று வேண்டும். குழாயில் இரண்டு இழுப்பு வந்தது.

“கூட்டுங்கோ” என்றேன்.

ஒரு நிமிஷம் கூட்டினார்கள். பிறகு பம்பில் இருந்த காற்றழுத்த மானியின் ஊசி பழையபடி இறங்கியது. வழக்கமாக இடையில் வந்து பம்பை மாற்றிச் சுற்றும் ஆட்கள் இரண்டு பேரும் பயத்தில் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. இவர்கள் சுற்றத் தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேல். களைப்பு ஒரு பக்கம். அதைவிட, மற்றவன் தள்ளட்டும் என்று ஆளுக்காள் கைபிடியில் சும்மா தொங்கினார்கள். திரும்ப இரண்டு இழுப்பு. கெஞ்சினேன், அதட்டினேன். ஊசி அசையவில்லை. இப்படியே போனால் காக்கா செத்துப்போவார்.

அந்த நேரம் எந்தப் பிசாசு என் நாக்கில் ஏறியதோ தெரியாது.

“பியதாச, செல்லையா நேற்று என்னட்டச் சொன்னவர், உங்கட ஆக்கள் பம்ப் சுத்தக்கூட லாயக்கில்ல எண்டு.”

சுத்தப் பொய். பியதாச தலையை நிமிர்த்தினார்.

“செல்லையா அண்ணை, பியதாச சொன்னவர், உங்களுக்குத் தனிநாடு தந்தாலும் அதைச் சுத்த எங்களைத்தான் கூப்பிடுவீங்களாம்.”

அவ்வளவுதான். மூன்று நாளாக வாய்க்குள் கிடந்தது எல்லாம் வெளியே கொட்டியது. எழுத்து, சட்டம், தேர்தல், ஒருவர் தகப்பனை மற்றவர், இங்கே எழுத முடியாத உறுப்புகள் எல்லாம். சில்லு பறந்தது. ஊசி ஏறியது. இடையில் தணிகிற மாதிரி இருந்தால் நான் இன்னொரு பொய்யைப் போட்டேன். அன்றைக்குச் சொன்ன பொய்க்கு எனக்குப் பட்டயமே தந்திருக்கலாம்.

அப்போதுதான் செல்லையாவின் குரல் உடைந்தது.

“என்ர அக்கா உயிரோட இருக்கிறாளோ தெரியாது. நீ ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேக்க வெக்கமா இருந்துது, மச்சான்” என்றார் பியதாச. “என்ன முகத்தோட கேக்கிறது?”

“உன்ர கதவுக்குக் கல்லெறிஞ்சது எனக்கும் தெரியும். நானும் கேக்கேல்ல.”

இரண்டு பேருக்கும் கண்ணீர் ஓடுகிறது. துடைக்க ஏலாது, கை இரண்டும் கைபிடியில். சில்லு மட்டும் அதே வேகத்தில் சுற்றியது. ஊசி இறங்கவே இல்லை.

கயிற்றில் நாலு இழுப்பு வந்தது. இந்த முறை காக்கா வந்தார், ஒரு சப்பாத்தைக் கீழே விட்டுவிட்டு. கண்ணாடியைக் கழற்றியதும் நீளமாக மூச்சு விட்டார்.

“கடைசியில நல்ல காத்து, மனே. என்ன கதைச்சீங்க?”

மூட்டிவிட்டவன் நான்தான் என்று இரண்டு பேரும் என்னைக் காட்டிக்கொடுத்தார்கள். இஞ்சினியர் காதில் விழுந்ததோ, வள்ளத்தில் திரும்பவும் அரசியல் சண்டை, சுழியோடி ஒரு சப்பாத்தோடு வந்தார் என்பது மட்டும்தான்.

4. ஒத்த கருத்து

மறுநாள் காலை பியதாசவைக் களஞ்சியத்தில் உட்கார வைத்தார்கள். மாற்றல் கடிதம் தட்டச்சாகிக்கொண்டிருந்தது. அவருடைய இடத்துக்கு வந்த ஆள் கொள்கையில் செல்லையாவின் நகல். செல்லையா ஒன்று சொன்னால் அவர் “அதுதானே” என்பார். அவர் ஒன்று சொன்னால் செல்லையா “அதுதானே” என்பார். இப்படித் தலையாட்டித் தலையாட்டிச் சில்லு மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. இரண்டு இழுப்பு. மேலும் இரண்டு. பிறகு நாலு.

மேலே வந்த காக்கா, வள்ளம் கரை சேர்ந்தும் உடுப்பைக் கழற்றவில்லை. தொப்பியை மட்டும் என் கையில் தந்துவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒன்று பழசும் ஒன்று புதுசுமான ஈயச் சப்பாத்து தொம் தொம் என்று அதிர, இஞ்சினியரின் அறைக்குள் போய் மேசைக்கு முன்னால் நின்றார். நான் பின்னால்.

“சேர், ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறானுகள். எனக்குக் காத்து வருகுதில்ல. பியதாசவத் தாங்க, இல்லாட்டி நீங்களே இறங்குங்க.”

இஞ்சினியர் தரையில் பரவிய உப்புத் தண்ணீரைப் பார்த்தார். பிறகு தட்டச்சுக்காரரை நிறுத்தச் சொன்னார்.

இரண்டு கிழமை கழித்துச் செல்லையாவின் அக்கா பிள்ளைகளோடு கப்பலில் வந்து இறங்கினார். அவருடைய பெட்டியைத் தூக்கிச் சைக்கிளில் கட்டியவர் பியதாச. கட்டிக்கொண்டே, “இதுக்குத்தான் கார் வாங்கச் சொன்னனான்” என்றார்.

வேலைத்தலத்தில் அரசியல் கதைக்காதே என்று இப்போதைய இளம் ஆட்களுக்கு எல்லாரும் புத்தி சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் போட்ட சட்டத்தை நானே தூக்கிக் கடலில் போட்டேன். அதற்குப் பிறகு காக்கா ஓய்வு பெறும்வரை எங்கள் வள்ளத்தில் ஒரே வழக்கம்தான். காற்றைக் குறைக்கச் சொல்லிக் குழாயில் ஒரு இழுப்பு வந்தால் நான், “சரி, இண்டைக்குப் பிளேன்ரீக்குச் சீனி இருக்கோ?” என்று கதையை மாற்றுவேன். கூட்டச் சொல்லி இரண்டு வந்தால், கடலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்பேன்:

“செல்லையா அண்ணை, அந்தத் தகட்டு எழுத்து விசயம் கடைசியில என்னண்டு முடிஞ்சது?”