அறுபதுக்கு முன் ஒரு பேதி

“செவ்வாய். காலை 6.10 — பேதி மருந்து. 7.25 — முதல் தடவை. 7.40 — இரண்டாவது. 7.44 — எழுத அவகாசமில்லை.”

என் நாட்குறிப்பில் இவ்வளவு நேர்மையான பக்கம் வேறு கிடையாது.

விஷயம் இதுதான். அந்த வெள்ளிக்கிழமை திருக்கடையூரில் எனக்கு அறுபதாம் கல்யாணம். அதற்குள் உடம்பையும் மனசையும் சுத்தம் செய்துகொண்டு, புது மனிதனாக மனைவி வசந்தா பக்கத்தில் போய் உட்காரலாமே என்று ஓர் ஆசை.

திருவாரூரில் ஓர் ஆயுர்வேத டாக்டரம்மா. என் மகளைவிடச் சின்னவர். அச்சடித்த தாள் ஒன்று தந்தார். ஐந்து நாள் மருந்து நெய், மூன்று நாள் எண்ணெய்த் தேய்ப்பும் ஆவிக் குளியலும், அப்புறம் பேதி. காலண்டரில் பின்னோக்கி எண்ணினேன். செவ்வாயோடு முடிகிறது. கல்யாணத்துக்கு இரண்டு முழு நாள் மிச்சம்! பெருமையில் அந்தத் தாளின் அச்சுப்பிழைகளைக்கூடப் பென்சிலால் திருத்திவைத்தேன்.

நெய்யைப் பற்றி என்ன சொல்ல? வெறும் வயிற்றில் கசப்பு நெய் குடித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் நிம்மதியாக இருங்கள்.

“மனசுக்கும் ஓய்வு குடுங்க சார். இந்த நாள்ல படிக்காதீங்க, எழுதாதீங்க” என்றார் டாக்டரம்மா. தலையாட்டினேன். நாட்குறிப்பைக் குளியலறையில் சோப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

பேதியன்று மாலை போன் வந்தது.

“எத்தனை தடவை சார் போச்சு?”

“பதினொண்ணு. நேரத்தோட சொல்லவா?”



“எழுதி வச்சீங்களா? வயிறு சுத்தமாயிடுச்சு சார்... இந்தப் பழக்கம் எந்த மருந்துல போகும்னுதான் தெரியலை. சரி, கஞ்சி ஆரம்பிச்சாச்சா?”

“என்ன கஞ்சி?”

“அஞ்சு நாளைக்கு வெறும் கஞ்சிதான் சார். தாளோட பின்பக்கம் போட்டிருக்கே!”

பின்பக்கம்! பழைய பத்திரமோ கடிதமோ, எது கிடைத்தாலும் முதலில் திருப்பிப் பாருங்கள் என்று இதே பத்திரிகைப் பத்தியில் உங்களுக்கு எத்தனை முறை உபதேசம் செய்திருப்பேன்?

வெள்ளிக்கிழமை என்பது நான்காவது நாள். நட்சத்திரம் அன்றைக்குத்தான்; நகர்த்த முடியாது. “விருந்தா? வாயிலயே வைக்காதீங்க” என்று போனை வைத்துவிட்டார்.

வசந்தாவிடம் எப்படிச் சொல்வது? குடவாசல் பக்கம் ஒரு கோயிலில் எங்கள் கல்யாணம் நடந்த அன்று, சுவரில் ஒரு கல்வெட்டு என் கண்ணில் பட்டது. படியெடுத்துவிட்டு வந்தபோது பந்தி முடிந்திருந்தது. மாப்பிள்ளை இலை காலி. மணப்பெண் தனியாகச் சாப்பிட்டிருந்தாள். ‘அறுபதாம் கல்யாணத்துக்காவது பக்கத்துல உக்காந்து சாப்பிடணும்’ — அவள் கேட்டதே அது ஒன்றுதான்.

“அன்னிக்குக் கல்வெட்டு. இன்னிக்குக் கஞ்சியா?” என்றாள். பிறகு, “கஞ்சியே குடிங்க. ஆனா பாதியில எழுந்திரிச்சீங்க... அவ்வளவுதான்!”

வெள்ளிக்கிழமை பந்தியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்னால் சம்பிரதாயத்துக்கு ஓர் இலை, பக்கத்தில் கஞ்சி பிளாஸ்க். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம் — அவள் ஒன்றையும் விடவில்லை. வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டாள்.

“வடை நல்லா மொறுமொறுன்னு இருக்குங்க.”

“தெரியுது. சத்தம் கேக்குது.”

“பரவாயில்லையே, கடைசி வரைக்கும் உக்காந்துட்டீங்க!”

“எழுந்திரிக்கத் தெம்பு இல்ல.”

சிரித்துவிட்டாள். பந்தியே திரும்பிப் பார்த்தது. பதினொரு தடவையில் போகாத ஏதோ ஒன்று என் மனசிலிருந்து அப்போது போயிற்று.

அந்த நேரம் பார்த்து என் இலையில் ஒரு கரண்டி பாயசம் விழுந்தது. “அம்மாதான் கண்ணைக் காட்டினாங்க” என்கிறார் பரிமாறியவர். “நான் அந்தப் பக்கமே திரும்பலை” என்கிறாள் வசந்தா. ஊற்றச் சொன்னது யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

அந்தப் பாயசம் அப்புறம் எங்கே போயிற்று? டாக்டரம்மா இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர்... எழுதாதீங்க என்று அவரே சொல்லியிருக்கிறார் அல்லவா?